பாலத்தில் இருத்தல்: கடற்பாலம் முதல் மலாக்கா வரை ஒரு காத்திருப்பியல் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

சிங்கப்பூரிலிருந்து மோட்டார்சைக்கிளில் மலாக்காவுக்குப் போய்வருவோர் வழக்கமாக மூன்று சான்றுகளோடு திரும்புகிறார்கள்: முதுகுவலி, செந்நிறக் கட்டடங்களின் முன் நின்றெடுத்த படம், கோழிச்சோற்று உருண்டை பற்றிய அசைக்க முடியாத கருத்து. இம்மூன்றையும் பற்றி உலகம் வேண்டிய அளவு அறிந்துவிட்டது. பயணத்தில் பெரும்பொழுதை விழுங்கும் காத்திருப்பை மட்டும் எவரும் ஆய்வுப் பொருளாக மதிக்கவில்லை. அக்குறையைக் களைய இக்கட்டுரை முன்வருகிறது. மலாக்கா காத்திருந்தவர்கள் கட்டிய நகரம். அதைப் பார்க்கப் போகிறவனும் காத்திருந்துதான் போகிறான். எனில், அன்றைய காத்திருப்பு ஒரு துறைமுகத்தையும் பல சமூகங்களையும் பெற்றெடுக்க, இன்றைய காத்திருப்பு இடுப்புப் பிடிப்போடு நின்றுவிட்டது ஏன்? இதுவே ஆய்வுச் சிக்கல்.

1. முன்னோர் கண்டவை

காத்திருத்தலை முதன்முதலில் ஒழுங்காக வகைப்படுத்தியவர்கள் தமிழ் இலக்கணிகள். அகத்தின் ஐந்திணையுள் முல்லைக்கு இருத்தலை உரிப்பொருளாக்கி, காட்டையும் கார்காலத்தையும் மாலைப்பொழுதையும் அதற்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள். போருக்குப் போன தலைவன் கார் தொடங்குமுன் வருவதாகச் சொல்லியிருக்கிறான். தலைவி வீட்டில் காத்திருக்கிறாள். அவன் தேர் காட்டுவழியே விரைந்து வந்துகொண்டிருக்கிறது. இவ்வமைப்பில் வீட்டில் இருப்பவள் காத்திருக்கிறாள், வாகனத்தில் இருப்பவன் நகர்கிறான். வாகனத்தில் இருப்பவனே காத்திருக்க நேர்ந்தால் அது எத்திணை என்பது பற்றி இலக்கணம் வாய்திறக்கவில்லை. அக்காலத்துக் காடுகளில் சோதனைச்சாவடி இல்லாமையே இதற்குக் காரணம் என்க.

வெள்ளிக்கிழமை மாலை கடற்பாலத்தின் சிங்கப்பூர் முனையான உட்லண்ட்ஸில் மலேசியாவின் ஜோகூர் பாருவை நோக்கி நிற்கும் மோட்டார்சைக்கிள் வரிசையை இக்கோட்பாட்டோடு பொருத்திப் பார்ப்போம். பொழுது மாலை. ஆய்வு நடந்த அன்று வானமும் இருட்டிக்கொண்டு வந்தமையால் காரும் ஒருவாறு கிடைத்தது. நிற்பவர்களில் பலர் சிங்கப்பூரில் வேலை செய்துவிட்டு வீடு திரும்பும் மலேசியர்கள். அக்கரையில் அவர்களுக்காக யாரோ சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு இருக்கிறார்கள். ஆகவே அங்கே ஒரு முல்லை, இங்கே ஒரு முல்லை, நடுவில் கடல். நிலத்தால் இது நெய்தல். நெய்தலுக்குரியது இரங்கல். வரிசையின் முதல் கால்மணி நேரம் இருத்தலாகவும், அதன்பின் முழுவதும் இரங்கலாகவும் அமைவதைக் கண்ணாரக் கண்டோம். உரிப்பொருள் அல்லாதவை மயங்கலாம், உரிப்பொருள் மயங்கலாகாது என்பது தொல்காப்பியர் போட்ட வரம்பு. அவ்வரம்பை உட்லண்ட்ஸில் நாள்தோறும் மீறுகிறார்கள். தண்டனை ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.

இத்திணையின் கருப்பொருள்கள் வருமாறு. தெய்வம்: கூண்டுக்குள் அமர்ந்திருக்கும் குடிநுழைவு அதிகாரி. பறை: ஹாரன். தொழில்: இரு காலாலும் தரையை உந்துதல். உணவு: இல்லை. நீர்: பாலத்தை ஒட்டிப் பெருங்குழாய்களில் ஓடுவது. ஜோகூர் ஆற்று நீரைச் சிங்கப்பூர் எடுத்துக்கொள்ள வகைசெய்யும் 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061 வரை நடப்பிலிருக்கும். எல்லையைக் கடப்பனவற்றுள் கடப்பிதழ் காட்டாமலும் வரிசையில் நிற்காமலும் கடப்பது அந்நீர் ஒன்றே என்பதை இவ்வாய்வு குறித்துக்கொள்கிறது.

2. ஆய்வுக் களம்

களமான கடற்பாலம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் நீளமுள்ளது. 1919இல் கட்டத் தொடங்கி, புலாவ் ஊபினிலிருந்தும் புக்கிட் தீமாவிலிருந்தும் கொண்டுவந்த கருங்கல்லைக் கடலில் கொட்டி, 1923இல் ரயில் ஓடவிட்டு, 1924 ஜூன் 28 அன்று முறைப்படி திறந்தார்கள். நடுத்தர வேகத்தில் நடப்பவர் கால்மணி நேரத்தில் கடந்துவிடலாம். விரைவாகச் செல்லும் பொருட்டு வாகனத்தில் ஏறியவர்களுக்கே இதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. போக்குவரத்துப் பொறியியலில் இம்முரணைப் பற்றி நிறையப் பேசியிருப்பார்கள். காத்திருப்பியல் இதை முரணாகவே கருதுவதில்லை. வாகனம் என்பது உட்கார இருக்கையோடு கூடிய காத்திருப்பு.

இப்பாலத்தில் இருசக்கரப் பயணிகளைக் காக்க வைப்பதற்கு மரபும் உண்டு. 1941 டிசம்பரில் தீபகற்பத்தின் வடக்கே இறங்கிய ஜப்பானியப் படையில் பலர் சைக்கிளை மிதித்துக்கொண்டு தெற்கே வந்தார்கள். 1942 ஜனவரி 31 அன்று பிரிட்டிஷார் தம் கடைசிப் படைப்பிரிவும் கடந்தபின் பாலத்தில் ஓர் இடைவெளியை வெடிவைத்து உண்டாக்கினார்கள். ஜப்பானியர் ஜோகூர்க் கரையில் ஒருவாரம் போலத் தங்கி, பிப்ரவரி 8 இரவு படகேறிக் கடந்தார்கள். ஒருவாரக் காத்திருப்பு என்பது இப்பாலத்தின் வரலாற்றில் உச்ச அளவாகக் கொள்ளத்தக்கது. நீண்ட விடுமுறை வரும்போதெல்லாம் அந்த உச்சம் முறியடிக்கப்பட்டுவிட்டதாக வரிசையிலிருந்து குரல்கள் கேட்கின்றன. அவை உணர்ச்சிவயப்பட்டவை என்பதால் சேர்த்துக்கொள்ளவில்லை.

1965இல் இரு நாடுகளான பின்னும் உடனே கெடுபிடி வந்துவிடவில்லை. 1967இல்தான் கடப்பிதழ்ச் சோதனை தொடங்கியது. ஆக, இக்களத்தில் முறையான காத்திருப்பின் வயது அரை நூற்றாண்டைக் கொஞ்சம் தாண்டும். மலாக்காவின் காத்திருப்புக்கு அறுநூறு ஆண்டு. இளைய துறை மூத்த துறையிடமிருந்து கற்க வேண்டியது நிறைய இருக்கிறது.

3. ஆய்வுக் கருவியும் முறையும்

கருவி, சிங்கப்பூரின் 2பி உரிமத்துக்கு அடங்கிய 200 சிசி மோட்டார்சைக்கிள். இணை ஆய்வாளர் அதை ஓட்டினார். முதன்மை ஆய்வாளர் பின்னிருக்கையில் அமர்ந்தார். இவ்வேற்பாடு சில இடங்களில் கண்டனத்துக்கு உள்ளானாலும் அறிவியல் முறைப்படி தவிர்க்க முடியாதது. ஓட்டுபவரின் கை, கால், கண் மூன்றும் வேலையில் மாட்டிக்கொள்கின்றன. பின்னால் இருப்பவரே உற்றுநோக்க வல்லவர்.

தேர்ப்பாகனைத் தலைவன் ‘விரைந்து செலுத்து’ என்று ஏவுவது முல்லை மரபு. அம்மரபைக் களத்தில் சோதித்தோம். பாகன் சொன்ன மறுமொழியின் அச்சிடத்தக்க பகுதி இது:

“டேய், காலைக் கீழ வச்சு நீயும் கொஞ்சம் தள்ளு. வரிசையில நிக்கிறது நான். நீ சும்மா உக்காந்து எழுதிக்கிட்டு இருக்கே.”

இக்கூற்றில் கோட்பாட்டு ஆழம் இருப்பதால் பின்னர் எடுத்துக்கொள்வோம்.

வரிசையில் நிற்போரை நால்வகைப்படுத்தலாம். உந்துநர்: எஞ்சினை ஓடவிட்டபடி இரு காலாலும் தரையைத் தள்ளித் தள்ளி அங்குலம் அங்குலமாக முன்னேறுவோர். அணைப்பர்: எஞ்சினை நிறுத்தி, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, விதியை ஏற்றுக்கொண்டோர். நுழைநர்: இரு வாகனங்களுக்கு இடையே காற்று புகும் இடத்தில் தாமும் புகுவோர். இவர்கள் சிறிய காப்சாய் வண்டிகளையே பெரும்பாலும் ஓட்டுகிறார்கள். காப்சாயின் உடலமைப்பைப் பார்த்தால், அதை வடிவமைத்தவர் ஏதோ ஒரு சோதனைச்சாவடியில் நெடுநேரம் நின்றவராக இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. நான்காம் வகையினர் நோக்கர். வரிசையில் நின்றபடியே கைப்பேசியில் பாலத்துக் கண்காணிப்புக் கேமராவைத் திறந்து, வரிசை எவ்வளவு நீளம் என்று பார்ப்போர். தாம் நிற்கும் வரிசையைத் தாமே தொலைவிலிருந்து காணும் இந்த நிலையை அடைய மெய்ஞ்ஞானிகள் வேறு வழிகளில் முயன்றிருக்கிறார்கள்.

நான்கு வகையினருக்கும் பொதுவான உடை ஒன்று உண்டு. மேலங்கியை முன்பக்கம் பின்னாக, பின்பக்கம் முன்னாகப் போட்டுக்கொள்வது. நெஞ்சில் காற்றும் மழையும் ஏறாமல் தடுக்க இதைவிட மலிவான வழி இல்லை. இதன் துணைவிளைவைத்தான் இங்கே கவனிக்க வேண்டும். முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் வரிசையில் நிற்பவர் பார்க்கிறார். அம்முதுகிலும் மேலங்கி விரிந்து கிடக்கிறது. அந்த மாலை முழுவதும் நாம் கண்டது முதுகுகள். முகம் என்று ஒன்றைக் கண்டது கடப்பிதழ்ப் படத்தில் மட்டும். அதுவும் நம்முடையது. இக்குறிப்பை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க.

4. பாலை வழி

இரவை ஜோகூர் பாருவில் கழித்து, விடிந்ததும் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினோம். மலாக்காவுக்கு இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். மலேசிய நெடுஞ்சாலைகளில் மோட்டார்சைக்கிளுக்குச் சாலைக்கட்டணம் பெரும்பாலும் கிடையாது. சாவடி வரும்போது இடப்பக்கத்துச் சிறு பாதையில் புகுந்து போய்க்கொண்டே இருக்கலாம். கார்கள் நிற்க நாம் கடக்கும் அந்தச் சில விநாடிகளில், முந்திய மாலையின் கணக்கு ஓரளவு நேராகிறது.

பெட்ரோல் நிலையத்தில் எல்லை மறுபடியும் தலைகாட்டும். மானிய விலை ரான் 95 பெட்ரோலை 2010 முதல் வெளிநாட்டு வண்டிகளுக்கு விற்பதில்லை. அவற்றுக்கு ரான் 97தான். எதிர்ப்பக்கத்தில், சிங்கப்பூர்ப் பதிவுள்ள கார்கள் நாட்டைவிட்டு வெளியேறும்போது தொட்டியில் முக்கால் பங்கு எரிபொருள் இருக்க வேண்டும் என்பது சிங்கப்பூரின் சட்டம். ஒரு நாடு தன் மலிவான எண்ணெயைப் பிறருக்குக் கொடுப்பதில்லை. மற்ற நாடு தன் மக்கள் அதை வாங்கப் போவதைப் பொறுப்பதில்லை. கொள்கையில் இவ்வளவு ஒற்றுமை உள்ள இரு அண்டை நாடுகள் அரிது.

சாலையின் இருபுறமும் செம்பனை. ஒரு காலத்தில் இங்கே பால்மரம். அத்தோட்டங்களில் பல தமிழ்த் தலைமுறைகள் விடியுமுன் எழுந்து மரம் சீவி, பால் வடியும்வரை பார்த்திருந்தன. சிம்பாங் ரெங்கம், மச்சாப், ஆயர் ஈத்தாம், யோங் பெங் என்று பெயர்ப்பலகைகள் கடந்தன. யோங் பெங்கைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது.

மலேசிய நெடுஞ்சாலைகளில் மேம்பாலங்களின் அடியில் மோட்டார்சைக்கிளோட்டிகள் ஒதுங்கி நிற்பதற்கென்றே இடம் விட்டிருப்பார்கள். அங்கே சிலர் முன்பே நின்றிருந்தார்கள். ஈரம் சொட்டும் மேலங்கிகளைக் கழற்றி உதறியபோது முதன்முறையாக முகங்கள் வெளிப்பட்டன. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், கைப்பிடியில் தொங்கிய பையிலிருந்து பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து எல்லோருக்கும் நீட்டினார்.

“சிங்கப்பூர் நம்பரா இருக்கு. எங்க தம்பி, மலாக்காவா?”

“ஆமாண்ணே.”

“மூவார் வழியா பழைய ரோட்டுல போயிருக்கலாமே. ஹைவேல என்ன பாப்பீங்க? என் சம்சாரம் ஊரும் மலாக்காதான்.”

“எப்படிப் பழக்கம்ணே?” என்று ஆய்வு நோக்கில் கேட்டோம்.

“பழக்கம் என்ன பழக்கம். ரெண்டு பேரும் ஒரே ஸ்டாப்புல பஸ்ஸுக்கு நிப்போம். அந்தக் காலத்துல பஸ் லேசுல வராதுலா.”

இத்தரவைப் பெற்ற நொடியில் ஆய்வின் போக்கே மாறிவிட்டது. பாலத்தில் பன்மடங்கு நேரம் நின்றும் ஒரு பெயர்கூடத் தெரிந்துகொள்ளாத நாம், மழை விடுவதற்குள் ஒரு குடும்பத்தின் தோற்றத்தையே அறிந்துகொண்டோம். காலத்தின் அளவு இதற்குக் காரணமாக இருக்க முடியாது. நிற்கும் முறையே காரணமாக வேண்டும். வரிசையில் நிற்பவர் முதுகைப் பார்க்கிறார். ஒதுங்கி நிற்பவர் முகத்தைப் பார்க்கிறார். இதை ‘முதுகு-முகம் கோட்பாடு’ என்று பெயரிட்டு, அதன் வரலாற்றுச் சான்றுகளைத் தேடி மலாக்காவுக்குள் நுழைந்தோம்.

5. மலாக்காவில் கிடைத்த சான்றுகள்

சான்று ஒன்று: பரமேசுவரன். இப்பயணத்தின் முன்னோடி இவர்தான். சிங்கப்பூர் அன்று துமாசிக். அங்கிருந்து விரட்டப்பட்டு, மூவாரில் தங்கி, 1400ஐ ஒட்டி மலாக்காவை அடைந்தார். பிஸ்கட் கொடுத்தவர் பரிந்துரைத்த அதே மூவார் வழி. ஒரு மரத்தடியில் இளைப்பாறியபோது சருகுமான் ஒன்று தம் வேட்டைநாயை உதைத்து ஆற்றில் தள்ளியதைக் கண்டு, அவ்விடத்திலேயே நகரம் அமைத்தார் என்பது மரபுக்கதை. அம்மரம் நம் நெல்லி. மன்னர் சற்றே அவசரப்பட்டு எழுந்திருந்தால் மானும் நாயும் சண்டையிட்டது அவர் கண்ணில் பட்டிருக்காது. நகரமும் இருந்திராது.

சான்று இரண்டு: காற்று. மேற்கிலிருந்து வந்த பாய்மரங்களைத் தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவந்து சேர்த்தது. சீனத்துக் கப்பல்களை வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவந்தது. வந்த காற்றிலேயே திரும்ப முடியாது. காற்று திசைமாறும்வரை மாதக்கணக்கில் தங்கியே ஆக வேண்டும். குஜராத்திகளும், சோழமண்டலக் கரைத் தமிழரும், சாவகரும், சீனரும் இப்படித் தங்கினார்கள். சீனத் தளபதி செங் ஹோ இங்கே வேலியடைத்துக் கிடங்குகள் கட்டி, பல திசைகளுக்கும் பிரிந்துபோன தம் கப்பல்கள் வந்து கூடவும் காற்று திரும்பவும் காத்திருந்தார். அக்காலத்தில் உலகின் மிகப் பெரிய கடற்படை அது. அதற்குக்கூடத் தனி வழித்தடம் ஒதுக்கப்படவில்லை.

சான்று மூன்று: ஷாபந்தர்கள். மலாக்கா சுல்தானகம் துறைமுகத்துக்கு ஒருவர் போதாதென்று நான்கு ஷாபந்தர்களை அமர்த்தியது. குஜராத்திகளுக்கு ஒருவர், தமிழருக்கும் வங்காளிகளுக்கும் பெகு வணிகருக்கும் ஒருவர், சாவகத்தார் முதலிய தீவினருக்கு ஒருவர், சீனத்தாருக்கு ஒருவர். வந்தவரை வரவேற்பது, கிடங்கு காட்டுவது, அரசவைக்கு அழைத்துச் செல்வது, வழக்கு வந்தால் தீர்ப்பது இவர்கள் வேலை. இத்துறைமுகத்தில் எண்பத்து நான்கு மொழிகள் பேசக் கேட்கலாம் என்று 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிருந்த போர்த்துகீசியர் தொமே பிரேஸ் எழுதினார். வரிசையில் முதுகு பார்த்து நிற்பவருக்கு ஒரு மொழியும் வேண்டியதில்லை. ஹாரன் போதும்.

சான்று நான்கு: படையெடுப்பாளர். 1511இல் அபோன்சோ டி அல்புகர்க் வந்தபோது, 1509 முதல் சிறைப்பட்டிருந்த போர்த்துகீசியர் சிலர் நகருக்குள் விடுதலைக்குக் காத்திருந்தார்கள். அவர்களுக்கு உதவியவர் தமிழ் வணிகர் நைனா சத்து. நகரைப் பிடித்த போர்த்துகீசியர் அவரையே பெண்டகாரா என்ற உயர்பதவியில் அமர்த்தினார்கள். காத்திருக்கும் கைதியோடு பழகி வைத்தவருக்கு இவ்வளவு பெரிய பதவி கிடைத்ததை வேறெங்கும் காண்பதரிது. போரின் திறவுகோல் ஆற்றின்மேல் இருந்த பாலம். அதைப் பிடிக்க அனுப்பிய உயரமான கப்பல் மணல்திட்டில் சிக்கிக்கொண்டு ஓதம் ஏறுவதற்காக நின்றது. பாலத்தைக் கடக்க வந்தவர்கள் காத்திருந்த மரபு கடற்பாலத்தில் தொடங்கவில்லை என்பது இதனால் உறுதியாகிறது. பின்னர் டச்சுக்காரர் ஜோகூரின் துணையோடு 1640இல் நகரை முற்றுகையிட்டு, உள்ளே பசி முற்றும்வரை பொறுத்து, 1641 ஜனவரியில் நுழைந்தார்கள்.

சான்று ஐந்து: புனித பிரான்சிஸ் சேவியர். 1552இல் சீனக் கரையோரத் தீவொன்றில் இறந்த இவருடைய உடலைக் கோவாவுக்குக் கொண்டுபோகும் வழியில் மலாக்காக் குன்றின்மேல் உள்ள தேவாலயத்தில் 1553இல் அடக்கம் செய்தார்கள். ஏறக்குறைய ஒன்பது மாதம் அங்கே இருந்தபின்தான் கோவா புறப்பட முடிந்தது. வெற்றுக் கல்லறையை இன்றும் காணலாம். மலாக்காவில் காத்திருப்பதற்கு உயிர்கூட இன்றியமையாததன்று என்பதை இச்சான்று நிறுவுகிறது.

6. காத்திருப்பின் விளைபொருள்கள்

ஆறுமாதம் ஒரே ஊரில் தங்குபவன் வாடகைக்கு வீடு பார்ப்பான். அரிசி வாங்குவான். கடன் சொல்வான். பக்கத்து வீட்டில் பெண் இருப்பதைக் கவனிப்பான். இவ்வாறு மலாக்காவில் தங்கி, உள்ளூர்ப் பெண்களை மணந்த தமிழ் வணிகரின் வழிவந்தவர்களே மலாக்கா செட்டிகள். காஜா பெராங் பகுதியில் கம்போங் செட்டி என்ற அவர்களுடைய குடியிருப்பு இன்றும் உள்ளது. வீட்டில் பேசுவது மலாய். உடுத்துவது சாரோங், கெபாயா. வழிபடுவது சிவனையும் மாரியம்மனையும். போகிக்கு முன்னோருக்கு வாழையிலையில் படையல் போடுகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து இவர்களைப் பார்ப்போர் ‘தமிழ் போய்விட்டதே’ என்று வருந்துவதுண்டு. காத்திருப்பியல் வருந்துவதில்லை. சோதனைச்சாவடியில் கிடைப்பது ஒரு முத்திரை. இங்கே கிடைத்தது ஒரு சமையலறை.

சீன வணிகருக்கு இவ்வாறே பாபா-நோன்யா சமூகம் உருவாகியது. போர்த்துகீசியர் வழியில் கிறிஸ்தாங் மக்கள் வந்தார்கள். ஆற்றின் அக்கரையில் சில நிமிட நடைக்குள் 17ஆம் நூற்றாண்டின் செங் ஹூன் தெங் சீனக் கோயிலும், 1748இல் இந்திய முஸ்லிம் வணிகர் எழுப்பிய கம்போங் கிளிங் பள்ளிவாசலும், 1781இல் செட்டிகள் கட்டிய பொய்யாத விநாயகர் கோயிலும் நிற்கின்றன. பள்ளிவாசலின் கோபுரத்தைப் பார்த்துச் சீனப் பகோடா என்று எண்ணுவோர் உண்டு. முகம் பார்த்து நின்றவர்களின் கட்டடங்களும் ஒன்றை ஒன்று பார்த்திருக்கின்றன.

கோட்டையைக் கட்டியவர்களுக்கு இந்த நற்பேறு இல்லை. போர்த்துகீசியரின் ஆ பாமோசாவை 1807 முதல் பிரிட்டிஷார் இடித்தார்கள். ராஃபிள்ஸ் குறுக்கிட்டமையால் ஒரு வாயில் தப்பியது. கடலோரம் நின்ற அவ்வாயில் இன்று, கடலை மண்ணிட்டு நிரப்பியமையால், கரையிலிருந்து விலகி நிற்கிறது. யாரும் நுழையாதபடி தடுக்கக் கட்டிய அமைப்பில் நுழைவாயில் மட்டும் எஞ்சியதைச் சோதனைச்சாவடி கட்டுவோர் சிந்திக்கலாம். வாயிலின்முன் படமெடுக்க ஒரு வரிசை இருந்தது. கோழிச்சோற்று உருண்டைக் கடைமுன் அதைவிட நீண்ட வரிசை இருந்தது. இரண்டிலும் முதுகே தெரிந்தது.

7. தடைகளும் விடைகளும்

அற்றேல், மலாக்காவை வளர்த்தது வரியே, காத்திருப்பன்று எனின்: மேற்கிலிருந்து வந்த சரக்குக்கு நூற்றுக்கு ஆறு விழுக்காடு சுங்கம் வாங்கினார்கள் என்பது மெய். ஆனால் சுங்கம் எல்லா எல்லையிலும் உண்டு. சுங்கம் கட்டியவனுக்குக் கிடங்கும் நீதிமன்றமும் மணப்பெண்ணும் கிடைத்த எல்லை மலாக்கா.

அற்றேல், ஆறு மாதத்தையும் பாலத்தில் நின்ற மூன்று மணி நேரத்தையும் ஒப்பிடலாமோ எனின்: ஒப்பிடலாகாது என்பதே நம் கருத்தும். இங்கேதான் மூன்று மணி நேரத்தின் இழிநிலை வெளிப்படுகிறது. பயணம் என்று சொல்ல அது மிக நீளம். கல்யாணம் பேச மிகக் குறுக்கம்.

அற்றேல், புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில் ஓடத் தொடங்கினால் ஐந்தே நிமிடத்தில் கடக்கலாமே எனின்: நான்கு கிலோமீட்டர் நீள வழி, மணிக்கு ஒரு திசையில் பத்தாயிரம் பேர் என்பது திட்டம். நன்று. ஆயினும் மோட்டார்சைக்கிளை ரயிலில் ஏற்ற முடியாது. துறைக்கு உடனடி ஆபத்து இல்லை.

இனி இணை ஆய்வாளர் எழுப்பிய தடை. வரிசையில் நிற்பவர் தாமே என்றும், பின்னிருப்பவர் வெறுமனே உட்கார்ந்திருப்பவர் என்றும் அவர் வாதிட்டார். இதற்கு மலாக்காவிலேயே விடை இருக்கிறது. கப்பலைச் செலுத்தியவர் மாலுமி. சரக்கோடு உட்கார்ந்து வந்தவர் வணிகர். பெண்டகாரா ஆனது வணிகர். இவ்விடையை ஆயர் குரோவை நெருங்கும்போது நெடுஞ்சாலையிலேயே சொல்லிவிட்டோம். வண்டி ஓரங்கட்டப்பட்டது. எஞ்சிய தொலைவை வேறு இருக்கை அமைப்பில் கடக்க நேர்ந்தது. ஓட்டுபவரால் குறிப்பெடுக்க முடியாது என்ற நம் முன்முடிவு அப்போது சரிபார்க்கப்பட்டது.

8. பரிந்துரைகள்

ஓர் எல்லையின் தரத்தை அது எவ்வளவு விரைவாக ஆளைக் கடத்துகிறது என்பதைக் கொண்டே அளந்து வருகிறோம். காக்க வைத்தவனை அது என்ன செய்கிறது என்பதையும் அளக்க வேண்டும். காற்றை விரைவுபடுத்த மலாக்காவின் ஆட்சியாளர்களால் முடியவில்லை. ஆகவே நிற்பவனுக்கு ஆள் அமர்த்தினார்கள், இடம் கொடுத்தார்கள். வரிசையை விரைவுபடுத்த நம்மாலும் முடியாவிட்டால் அதையாவது செய்யலாம்.

முதலாவதாக, மோட்டார்சைக்கிள் வரிசைக்கு நான்கு ஷாபந்தர்களை அமர்த்துக. உந்துநர், அணைப்பர், நுழைநர், நோக்கர் ஆகியோருக்கு ஒவ்வொருவர்.

இரண்டாவதாக, வரிசையை நேராக நிறுத்தாமல் வளைத்து நிறுத்துக. எதிரெதிரே முகம் தெரிந்தால் மற்றது தானே நடக்கும்.

மூன்றாவதாக, பாதி வழியில் தே தாரிக் கொடுக்க ஒருவரை வைக்க. நாடு எதுவானாலும் சர்க்கரை குறைத்துப் போடச் சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள் என்பதால் கொள்கை முரண்பாடு எழாது.

நான்காவதாக, கடக்கும் நேரத்தைப் பத்து நிமிடமாகக் குறைக்க. இயலாதெனின் ஆறு மாதமாக நீட்டுக. இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தால், ஐந்நூறு ஆண்டில் நிலப்பகுதி ஏதும் தேவைப்படாமல் பாலத்தின்மேல் புதிய மொழி, புதிய சமையல், புதிய கோயில்களோடு ஓர் இனம் தோன்றும். அதன் தொல்பழங்கால உடையாக மேலங்கியைத் திருப்பிப் போடும் வழக்கத்தை அருங்காட்சியகத்தில் வைப்பார்கள்.

இம்முடிவுகளில் கையொப்பமிட இணை ஆய்வாளர் மறுத்துவிட்டார் என்பதை ஆய்வு நெறிப்படி பதிவு செய்கிறோம். திரும்பும்போது உட்லண்ட்ஸைத் தவிர்த்து, 1998இல் திறந்த துவாஸ் இரண்டாம் இணைப்பு வழியாகப் போகலாம் என்பதே அவருடைய ஒரே பரிந்துரை. அங்கும் வரிசை உண்டு என்று அவருக்குத் தெரிவித்தோம். மாற்றுக் களத்திலும் சோதித்துவிட்டால் கோட்பாட்டின் நம்பகத்தன்மை இரட்டிப்பாகும் என்றும் எடுத்துச் சொன்னோம். வண்டி மறுபடியும் ஓரங்கட்டப்பட்டது.